மிளகுக்கு ஜியார்டியா: குளிப்பாட்டலாமா, கூடாதா?

கடற்காற்று (வெள்ளவத்தை)
திங்கள், இரவு 9.50

எங்கள் வீட்டுக்கு வந்து பதினாறு நாட்களே ஆன நாய்க்குட்டிக்கு ஜியார்டியா என்ற குடல் கிருமியின் தொற்று என்று இன்று மிருக வைத்தியர் சொன்னார். குட்டிக்கு ஒன்பது வாரம். கறுப்பு நிறம், பெயர் மிளகு. வந்த இரண்டாம் நாளே மலம் இளகியது. இடம் மாறியதால் என்று நினைத்தோம். அதன்பின் ஒரு நாள் இறுகும், மறுநாள் சளியோடு களிபோலப் போகும். நாற்றமும் வழக்கமானது இல்லை, பல்கனிக் கதவைத் திறந்தவுடன் மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கும். விளையாட்டும் குறையவில்லை, சாப்பாடும் குறையவில்லை. அதனால்தான் நாட்களைக் கடத்திவிட்டேன். அந்தக் கவலை நெஞ்சை அரிக்கிறது.

வைத்தியர் ஐந்து நாள் மருந்து தந்தார். இன்று முதல் நாள். "பின்பக்கத்தைச் சுத்தமாக வைத்திருங்கள், குளிப்பாட்டுங்கள்" என்றார். வெளியே பூனைக் கூடைகளோடு பலர் காத்திருந்ததால் மேற்கொண்டு கேட்கத் தயங்கி எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தால் மாமி, "வயிற்றோட்டக்காரக் குட்டியை நனைத்தால் குளிர் பிடித்துச் செத்துவிடும்" என்கிறார். நாய் உணவு வாங்கிய கடைக்காரரோ தண்ணீரில் விட்டால் பால்போல வெளுக்கும் கிருமிநாசினியைக் கலந்து தினமும் குளிப்பாட்டச் சொல்கிறார்.

நாங்கள் இருப்பது காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், நாலாம் மாடி. முற்றம் இல்லை. பல்கனியில் பழைய பத்திரிகைத் தாளும் ஒரு தும்புப் பாயும் விரித்திருக்கிறோம், குட்டி அங்கேதான் போகும். வீட்டில் இரண்டு வயது மகள் இருக்கிறாள். நாள் முழுவதும் தரையில் உட்கார்ந்து விளையாடுபவள்.

குளிப்பாட்டலாமா? எத்தனை முறை, எதைப் போட்டு? மகளுக்கு ஆபத்து இருக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.


மல்லிகைப்பந்தல் (தெஹிவளை)
திங்கள், இரவு 10.20

பிள்ளை, உங்கள் மாமி சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். நான் நாய் வளர்க்கத் தொடங்கி முப்பது வருடம் தாண்டிவிட்டது. ஒரு ஐப்பசி மழைக்காலத்தில் எட்டு வாரக் குட்டி ஒன்று வயிற்றோட்டத்தோடு வந்தது. நாற்றம் தாங்காமல் மாலை ஆறு மணிக்குக் குழாயடியில் பிடித்து நன்றாகக் குளிப்பாட்டினேன். துவாயால் ஒரு துடை துடைத்துச் சாக்கில் படுக்க வைத்தேன். இரவெல்லாம் நடுங்கியது. விடியும்போது காது குளிர்ந்து கிடந்தது. வைத்தியரிடம் கொண்டு ஓடினோம், பலன் இல்லை.

குளிப்பு மட்டும்தான் அதைக் கொன்றது என்று இன்றைக்கு நான் சொல்லமாட்டேன், நோயும் முற்றியிருந்தது. ஆனால் அந்த நடுக்கம் என் கையில் இன்னும் இருக்கிறது. கூழானாலும் குளித்துக் குடி என்று வளர்ந்தவர்கள் நாங்கள், அழுக்கைக் கண்டால் உடனே தண்ணீரை ஊற்றத்தான் கை போகும். குட்டியிடம் அந்தக் கையை அடக்க வேண்டும். என் சொல், நோய் தீரும்வரை முழுகவிடாதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள், போதும்.


பேராதனை மாணவன் (கொட்டாஞ்சேனை)
திங்கள், இரவு 11.35

நான் மிருக வைத்தியத்தில் இறுதியாண்டு படிக்கிறேன், விடுமுறையில் வீட்டுக்கு வந்திருக்கிறேன். உங்கள் வைத்தியர் குட்டியைத் தொட்டுப் பார்த்தவர், நான் பார்க்காதவன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள், அக்கா.

ஜியார்டியா புழு இனத்தைச் சேர்ந்தது அல்ல. அது ஒற்றைக்கல உயிரி. அதனால்தான் வட்டப்புழுவுக்குக் கொடுக்கும் பூச்சிக் குளிசையை ஒரு தரம் கொடுத்துவிட்டு இதுவும் தீர்ந்தது என்று இருந்துவிட முடியாது. 1681ஆம் ஆண்டு லேவன்ஹூக் என்ற ஒல்லாந்தர், தனக்கு வயிறு குழம்பியிருந்தபோது தன் மலத்தையே தான் செய்த நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து இதை முதன்முதலில் கண்டார். படிக்கும்போது எனக்கு மிகவும் பிடித்த கதை அது.

இந்த உயிரிக்கு இரண்டு உருவங்கள். ஒன்று சிறுகுடல் சுவரில் ஒட்டிக்கொண்டு வாழும், வெளியே வந்தால் அதிக நேரம் தாங்காது. மற்றது மலத்தோடு வெளியேறும், ஓடு மூடிய உருவம். சிஸ்ட் என்போம். நீளம் ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. வட்டப்புழுவின் முட்டை வெளியில் சில வாரங்கள் கிடந்து முதிர்ந்த பிறகே தொற்றும். சிஸ்டுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை, விழுந்த கணத்திலேயே தொற்றக்கூடியது.

குளிப்பின் காரணம் இங்கேதான் இருக்கிறது. குட்டி மலம் கழிக்கும்போது வாலின் அடியிலும் பின்னங்கால் மயிரிலும் கொஞ்சம் ஒட்டுகிறது. திரும்பி நக்குகிறது. மருந்து வேலை செய்வது குடலுக்குள், மயிரில் ஒட்டியிருப்பதை அது தொடாது. வெள்ளிக்கிழமை மருந்து முடிகிறது என்று வையுங்கள். சனிக்கிழமை குட்டி தன் பின்பக்கத்தை நக்கினால் தொற்று முதலிலிருந்து தொடங்கும். ஐந்து முதல் பன்னிரண்டு நாட்களில் மலத்தில் மறுபடி சிஸ்ட் வரும். மருந்து பலிக்கவில்லை என்று வைத்தியரிடம் வருபவர்களில் பலருடைய வீட்டில் நடந்திருப்பது இதுதான்.

ஆகவே முழுக் குளிப்புக்கு உரிய நாள் மருந்தின் கடைசி நாள். அன்று குடல் ஓரளவு சுத்தமாக இருக்கும், மயிரையும் சுத்தமாக்கிவிட்டால் திரும்பப் போகும் வழி அடைபடும். அதுவரை தினமும் முழுகவைக்கத் தேவையில்லை. ஒவ்வொரு முறை மலம் கழித்தவுடனும் பின்பக்கத்தை மட்டும், குழந்தைக்குக் கால் கழுவிவிடுவதுபோல, இளஞ்சூட்டு நீரால் கழுவித் துடைத்துவிடுங்கள். மயிர் நீளமாக இருந்தால் வாலின் அடியிலும் தொடையின் பின்புறத்திலும் கத்தரித்துவிடுங்கள்.

மல்லிகைப்பந்தல் அம்மா சொன்னதில் பெரிய உண்மை இருக்கிறது. சிறு குட்டிக்கு உடற்கொழுப்பு குறைவு, சூட்டைத் தாங்கி வைக்கத் தெரியாது. வயிற்றோட்டத்தில் நீரும் சர்க்கரையும் இறங்கியிருக்கும். வாந்தி, மலத்தில் இரத்தம், சாப்பிட மறுப்பது, சுருண்டு படுப்பது, ஈறு வெளுத்திருப்பது என்று ஏதேனும் ஒன்று தெரிந்தாலும் குளிப்பாட்டக் கூடாது. நேரே வைத்தியரிடம் போக வேண்டும். தடுப்பூசி முழுமையாகப் போடாத குட்டிக்குப் பார்வோ வைரஸும் இப்படித்தான் தொடங்கும், அது மணிக்கணக்கில் ஆளைக் கவிழ்க்கும் நோய். மிளகு ஓடி விளையாடுகிறது, சாப்பிடுகிறது என்கிறீர்கள். அப்படியானால் வெள்ளிக்கிழமைக் குளிப்புக்குத் தடை இல்லை என்றே நினைக்கிறேன்.


கோபி (மட்டக்குளி)
செவ்வாய், காலை 7.15

இவ்வளவு விளக்கம் எதற்கு? எங்கள் அப்பா வாளித் தண்ணீரில் இரண்டு மூடி கிருமிநாசினி விட்டு நாயைக் குளிப்பாட்டுவார், தரைக்குப் பிளீச்சிங் தூள் தூவுவார். எந்தக் கிருமியும் நிற்காது. உண்ணியும் போகும்.


பேராதனை மாணவன்
செவ்வாய், காலை 8.40

கோபி அண்ணா, இதில் நான் பணிந்து போக மாட்டேன். அந்தக் கிருமிநாசினி தோலில் எரிச்சல் தரும். குட்டி நக்கினால் வாயிலும் தொண்டையிலும் புண் வரும், வாந்தி வரும். வயிறு ஏற்கனவே புண்பட்ட குட்டிக்கு அது பெரிய கொடுமை. பிளீச் எந்தக் காரணம் கொண்டும் உடம்பில் படக்கூடாது. உண்ணி மருந்தையும் இதோடு கலந்து யோசிக்க வேண்டாம், பெரிய நாய்க்குக் கலந்து ஊற்றும் உண்ணி மருந்துகள் ஒன்பது வாரக் குட்டிக்கு நஞ்சாகலாம்.

வேப்பிலை அவித்த நீரும் மஞ்சளும் சிஸ்டைக் கொல்லாது. நம் சவர்க்காரமும் வேண்டாம், மனிதத் தோலும் நாய்த்தோலும் ஒன்றல்ல. குட்டிகளுக்கென்று விற்கும் மென்மையான ஷாம்பு போதும். குளோர்ஹெக்சிடின் கலந்த ஷாம்பு வாங்க நினைத்தால் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள். எந்த ஷாம்புவானாலும் வேலை செய்வது நுரையும் விரலும் ஓடும் தண்ணீரும் சேர்ந்துதான். சிஸ்ட் மயிரிலிருந்து வழிந்து இறங்கி வடிகாலுக்குள் போக வேண்டும்.

தரைக்குப் பிளீச் பயன்படும், ஆனால் முறையாக. முதலில் மலத்தை முழுவதும் எடுத்து, சிறுநீரையும் துடைத்து, சவர்க்கார நீரால் கழுவிவிட வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் பிளீச்சின் வலு அழுக்கோடு போய்விடும். சிறுநீரோடும் மலசலகூடம் கழுவும் அமிலத்தோடும் அது சேர்ந்தால் மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும். கழுவிய தரைக்கு ஒரு லீற்றர் தண்ணீரில் ஏறத்தாழ 50 மில்லிலீற்றர் வீட்டுப் பிளீச் கலந்து, கொஞ்ச நேரம் நிற்கவிட்டு, அலசி எடுங்கள். குட்டியும் பிள்ளையும் அந்த நேரத்தில் வேறு அறையில் இருக்கட்டும். கொதிநீர் தாங்கும் தரையென்றால் கொதிநீரும் நல்லது.


கோபி
செவ்வாய், காலை 9.05

சரி தம்பி, நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். எங்கள் வீட்டு நாய்க்குக் குளித்த பிறகு தோல் சிவப்பதுண்டு. வெயில் என்று நினைத்திருந்தோம். இனிமேல் செய்யமாட்டோம்.


நாவல் நிழல் (நாவல)
செவ்வாய், பகல் 12.50

அக்கா, இதே ஜியார்டியாவுக்கு என் குட்டி மூன்று தடவை மருந்து குடித்தது. ஏறத்தாழ இரண்டரை மாதம். நான் செய்த தவறை எழுதுகிறேன், நீங்கள் செய்யாமல் இருப்பதற்காக.

நான் குளிப்பாட்டாமல் விட்டவன் இல்லை. மருந்தின் கடைசி நாளன்று நன்றாகவே குளிப்பாட்டினேன். தரையையும் காலை மாலை இரண்டு நேரமும் கழுவினேன். என்னைவிடச் சுத்தமாக ஒருவனும் வீடு வைத்திருக்க முடியாது என்று நம்பினேன். பத்தே நாளில் மறுபடியும் அதே சளி, அதே நாற்றம். இரண்டாம் தடவையும் அப்படியே. அது வைகாசி, ஆனி மாதம். தென்மேல் பருவக்காற்று மழை. வீட்டில் துணி காய்வதே இரண்டு நாள் எடுக்கும்.

மூன்றாம் தடவை வைத்தியர் வேறொரு கேள்வி கேட்டார். "கழுவுகிறீர்கள், சரி. காய்கிறதா?" அங்கேதான் எனக்கு விளங்கியது. கழுவிக் கழுவி நான் தரையை ஈரமாகவே வைத்திருந்திருக்கிறேன். சிஸ்டுக்குப் பிடித்தது ஈரமும் நிழலும் குளிர்ச்சியும். குளிர்ந்த தண்ணீரில் மாதக்கணக்கில் கிடக்கும். 25 பாகை செல்சியஸ் சூட்டில் மண்ணில் ஏறத்தாழ ஒரு வாரம்தான் தாக்குப்பிடிக்கும். வெயிலில் நன்றாகக் காய்ந்த இடத்தில் அதனால் நிற்க முடியாது. கொழும்பின் சூடு நமக்குத் துணை, கொழும்பின் ஈரப்பதம் அதற்குத் துணை.

இன்னொன்று, தரை துடைக்கும் துணி. பல்கனியைத் துடைத்த அதே துணியை அதே வாளியில் நனைத்துக் கூடத்தையும் படுக்கை அறையையும் துடைத்திருக்கிறேன். ஓர் இடத்தில் இருந்ததை வீடு முழுவதும் பூசியிருக்கிறேன்.

மூன்றாம் தடவை இப்படிச் செய்தோம். பல்கனிக்குத் தனி வாளி, தனித் துணி. துணியைத் தினமும் கொதிநீரில் போட்டு வெயிலில் காயவைத்தோம். தரையைக் கழுவியவுடன் மின்விசிறியைத் தரையில் வைத்து ஓடவிட்டோம், காய்ந்து வெளுக்கும்வரை குட்டியை விடவில்லை. கழுவுவதை ஒரு நாளைக்கு ஒரு தரமாகக் குறைத்து, காயவைப்பதைக் கூட்டினோம். மலம் விழுந்தவுடன் எடுத்தோம், நடு இரவாக இருந்தாலும்.

அந்தத் தும்புப் பாயை இன்றே எறிந்துவிடுங்கள். என் வீட்டில் கடைசிவரை தங்கியிருந்த குற்றவாளி அதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். தும்பு உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், மேலே தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும்.


வெள்ளைச்சீருடை (கொலன்னாவ)
செவ்வாய், மாலை 6.10

நான் தாதி. மகளைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன், தங்கச்சி.

ஜியார்டியாவில் பல வகை உண்டு. நாய்களில் பெரும்பாலும் இருப்பவை நாய்க்கென்றே உள்ள சி, டி வகைகள். மனிதரைத் தொற்றுபவை ஏ, பி. நாயில் ஏ, பி வகைகள் சில சமயம் காணப்படுவதால் ஆபத்தே இல்லை என்று கையை உதறிவிட முடியாது. ஆனால் நாயிடமிருந்து மனிதருக்கு வருவது அரிது. குட்டியை வீட்டைவிட்டு அனுப்ப வேண்டிய விடயம் இல்லை. பயத்தில் யாராவது அப்படிச் சொன்னால் கேட்காதீர்கள். வீட்டில் நோயெதிர்ப்பு குறைந்தவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் இருந்தால் மட்டும் குட்டியின் கழிவை அவர்கள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையில் தேய்த்துக்கொள்ளும் மதுசாரத் திரவத்தை நம்பாதீர்கள். அது சிஸ்டை ஒன்றும் செய்யாது. சவர்க்காரம் போட்டுத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள், நகத்தின் இடுக்கு வரை. மகளின் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். குட்டி அவள் முகத்தை நக்கும் விளையாட்டு இரண்டு வாரத்துக்கு வேண்டாம். அவளுடைய விளையாட்டுப் பொருட்கள் பல்கனிப் பக்கம் போகக் கூடாது. அவளுக்கு வயிற்றோட்டம் வந்தால் வீட்டில் நாய்க்கு இது இருப்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

குழந்தையை முன்னிட்டு நான் கூடுதலாகக் கவலைப்படுவது கொக்கிப்புழுவைப் பற்றித்தான். கொக்கிப்புழுவில் ஒரு வகைக்கு எங்கள் நாட்டின் பெயரே இருக்கிறது, அன்சைலொஸ்டோமா சிலானிக்கம். 1911ஆம் ஆண்டு இலங்கைப் புனுகுப்பூனை ஒன்றிலிருந்து எடுத்து விவரிக்கப்பட்டது. நாயிலும் பூனையிலும் வாழும், மனிதக் குடலிலும் வளரும். ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஆகவே ஜியார்டியா மருந்தோடு நின்றுவிடாமல், பூச்சி மருந்து எப்போது என்று வைத்தியரிடம் கேட்டு அட்டவணைப்படி கொடுங்கள். மிளகு வெளியே நடக்கத் தொடங்கியதும் மகளை மண்ணில் செருப்போடு விடுங்கள்.


கடற்காற்று
செவ்வாய், இரவு 10.05

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு முழுவதும் தூங்கவில்லை, இன்று மனம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. தும்புப் பாய் குப்பைக்குப் போய்விட்டது. தூக்கிப் பார்த்தபோது அடிப்பக்கம் முழுவதும் ஈரம், கீழே தரையில் வட்டமாகப் பாசி. நாவல் நிழல் தம்பி சொன்னது அப்படியே.

இரண்டு சந்தேகங்கள். குடிக்கும் தண்ணீர் குழாயிலிருந்து கொடுக்கலாமா? எங்கள் மாடிக்கு மேலே பெரிய தாங்கி இருக்கிறது. அடுத்தது, பார்மசியில் மெட்ரோனிடசோல் குளிசை கிடைக்கும், அதையும் சேர்த்துக் கொடுத்தால் விரைவில் போகும் என்று பக்கத்து வீட்டு அண்ணா சொல்கிறார். கொடுக்கலாமா?


பேராதனை மாணவன்
செவ்வாய், இரவு 11.00

கொடுக்க வேண்டாம், அக்கா. வைத்தியர்கள் மெட்ரோனிடசோலை எழுதுவதுண்டு, சில வேளை மற்ற மருந்தோடு சேர்த்தும் எழுதுவார்கள். ஆனால் எடையைப் பார்த்து எழுதுவார்கள். மனிதருக்கான குளிசையைக் கண்மதிப்பில் உடைத்து ஒரு குட்டிக்குக் கொடுத்து அளவு கூடினால் நரம்பைத் தாக்கும். கால் தள்ளாடும், கண்மணி இங்கும் அங்கும் ஆடும். உங்களுக்குத் தந்தது எந்த மருந்து என்று எழுதவில்லை. பெரும்பாலும் பென்பென்டசோலாக இருக்கும், கிலோவுக்கு 50 மில்லிகிராம் வீதம் மூன்று முதல் ஐந்து நாள் கொடுப்பது வழக்கம். வைத்தியர் ஐந்து நாள் என்றால் ஐந்து நாளும் கொடுங்கள். மூன்றாம் நாளே மலம் இறுகிவிடும், அப்போது நிறுத்தத் தோன்றும். நிறுத்தாதீர்கள்.

கொழும்பு நகரின் குழாய்நீரில் பெரும்பகுதி களனி ஆற்றிலிருந்து அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டு வருகிறது, ஒரு பகுதி லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்து. சிஸ்டைத் தடுப்பதில் வடிகட்டலுக்குத்தான் பெரிய பங்கு, குடிநீரில் இருக்கும் அளவு குளோரினுக்கு அது இலகுவில் சாகாது. தாங்கி எப்போது கழுவப்பட்டது என்பதும் தெரியாது. ஒரு நிமிடம் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் கொடுங்கள். உணவுத் தட்டையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் தினமும் சவர்க்காரத்தால் கழுவிக் கொதிநீர் ஊற்றிக் கவிழ்த்து உலரவையுங்கள்.


மல்லிகைப்பந்தல்
புதன், காலை 6.30

தம்பியின் விளக்கத்தை இரண்டு தரம் வாசித்தேன். கடைசி நாள் குளிப்பு தேவை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். முப்பது வருடமாக எனக்குத் தெரியாமல் இருந்தது. ஆனால் எப்படிக் குளிப்பாட்டுவது என்பதை நான் சொல்கிறேன், பிள்ளை, அதில் எனக்குக் கை பழக்கம் உண்டு.

காலை பதினொரு மணிக்குச் செய்யுங்கள், மழை நாளாக இருந்தாலும் அந்த நேரத்தில் சூடு இருக்கும். சாப்பாடு கொடுத்து ஒரு மணி நேரமாவது போகட்டும், வெறும் வயிற்றோடும் வேண்டாம். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். மூன்று துவாய்களை முதலிலேயே எடுத்து வையுங்கள், நனைந்த குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அலுமாரியைத் தேடக் கூடாது. தண்ணீர் உங்கள் முழங்கையின் உள்பக்கத்துக்குச் சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. வாளிக்குள் குட்டியை இறக்காதீர்கள், இறக்கினால் பின்பக்கத்து அழுக்கெல்லாம் அந்தத் தண்ணீரில் கலந்து வாய்வரை வரும். கோப்பையால் மொண்டு ஊற்றுங்கள், ஊற்றிய தண்ணீர் வழிந்தோட வேண்டும். தலையைக் கடைசிவரை நனைக்காதீர்கள். முகத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

பின்பக்கத்தைத்தான் முதலில் கழுவத் தோன்றும். உடம்பை முதலில் முடித்துவிட்டுப் பின்பக்கத்தைக் கடைசியில் கழுவுங்கள். வாலிலிருந்து தலைப்பக்கம் கை போகவே கூடாது. பாதங்களை மறக்காதீர்கள், விரல் இடுக்கில்தான் எல்லாம் ஒட்டியிருக்கும். பிறகு துவாயால் சுற்றி ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். மூன்றாவது துவாயோடு மடியில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உடம்புச் சூட்டைப்போல வேறு எதுவும் அதற்கு உதவாது. வயிற்று மயிருக்குள் விரலை விட்டுப் பாருங்கள், அங்கே ஈரம் இருந்தால் குட்டி இன்னும் காயவில்லை.


நாவல் நிழல்
புதன், காலை 9.20

அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். குளித்து முடித்த குட்டியைப் பழைய படுக்கையில் விடாதீர்கள். குளிப்பதற்கு முன்பே படுக்கை விரிப்பு, துணிப் பொம்மை, கழுத்துப் பட்டி எல்லாவற்றையும் கொதிநீரில் போட்டு, பல்கனியையும் கழுவிக் காயவைத்து, புதுத் தாள் விரித்துத் தயாராக வைத்திருங்கள். குளித்த குட்டி சுத்தமான இடத்துக்குப் போக வேண்டும். நான் இரண்டாம் தடவை குளிப்பாட்டிவிட்டு அதன் பழைய போர்வையிலேயே சுற்றினேன். நினைத்தால் இப்போதும் வேதனையாக இருக்கிறது.


கடற்காற்று
வெள்ளி, மாலை 4.45

இன்று குளிப்பாட்டினோம்.

காலையில் கணவர் வேலைக்கு அரைநாள் விடுப்பு எடுத்தார். எட்டு மணிக்குப் பல்கனியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பிறகு பிளீச் கலந்த தண்ணீர், பிறகு அலசல். பத்து மணிக்கும் ஓரங்களில் ஈரம் நின்றது, மின்விசிறியை இழுத்து வைத்தோம். விரிப்புகள் இரண்டையும் பெரிய சோற்றுப்பானையில் போட்டுக் கொதிக்கவைத்தேன். அந்தப் பானை இனிச் சமையலுக்கு வராது, மாமியே அதை எடுத்துத் தந்தார்.

குளியலறையில் ரப்பர் விரிப்பின் மேல் நிறுத்தினோம், வழுக்காததால் குட்டி பயப்படவில்லை. மாமி தலையைப் பிடித்துக்கொண்டார். புதன்கிழமை மல்லிகைப்பந்தல் அம்மா எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். அந்தக் குட்டியின் கதையைக் கேட்டுக் கண் கலங்கினார். அதற்குப் பிறகு, "நான் துவாயோடு நிற்கிறேன், நீ கழுவு" என்றார். கோப்பையால் ஊற்றி, உடம்பு முடித்து, கடைசியில் பின்பக்கமும் பாதங்களும். விரல் இடுக்குகளில் எவ்வளவு அழுக்கு! முழுவதும் ஆறு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. காயவைக்கத்தான் முக்கால் மணி நேரம் ஆனது. மாமியின் மடியில் துவாய்க்குள்ளேயே தூங்கிப்போனது.

ஐந்தாவது மருந்தும் கொடுத்தாயிற்று. புதன்கிழமையிலிருந்து மலம் உருண்டையாகப் போகிறது, நாற்றம் இல்லை. மகள் மட்டும் இரண்டு வாரம் முத்தம் கொடுக்கக் கூடாது என்றதற்கு அழுதுகொண்டிருக்கிறாள்.

இனிச் சோதனை எப்போது? கிளினிக்கில் உடனடிப் பரிசோதனைப் பட்டை இருக்கிறது என்றார்கள்.


பேராதனை மாணவன்
வெள்ளி, இரவு 8.15

மனம் நிறைந்துவிட்டது, அக்கா. சோதனை நாளை வைத்தியர் சொல்லட்டும். நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டியது ஒன்று. அந்தப் பட்டை கிருமியின் புரதத்தைத் தேடுவது. நோய் தீர்ந்த பிறகும் சில வாரங்கள் அது நேர்மறையாகவே காட்டக்கூடும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி மருந்து தொடங்கிவிடாதீர்கள். துத்தநாக சல்பேற்றுக் கரைசலில் மலத்தை மிதக்கவிட்டு நுணுக்குக்காட்டியில் சிஸ்டைத் தேடும் முறை இருக்கிறதா என்று கேளுங்கள். சிஸ்ட் எல்லா நாளும் வெளிவராது, ஒரு நாள் இருக்கும், இரண்டு நாள் இருக்காது. ஆகவே சில நாட்களுக்குள் வெவ்வேறு நாளில் எடுத்த மூன்று மாதிரிகள் கொடுப்பது நல்லது. புதிதாக விழுந்ததை, மண் படாமல் எடுத்து, மூடியுள்ள சிறு போத்தலில் போட்டு, அன்றே கொண்டு போங்கள்.

அதுவரை பின்பக்கம் கழுவுவதையும் மலத்தை உடனே எடுப்பதையும் விடாதீர்கள். தடுப்பூசி முடியும்வரை பொது இடத்தில் தரையில் இறக்காதீர்கள். முடிந்த பிறகும் வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையிலும் மழைநீர் தேங்கிய குழியிலும் தண்ணீர் குடிக்கவிடாதீர்கள்.


கடற்காற்று
இரண்டு வாரத்துக்குப் பின், ஞாயிறு, காலை 10.30

மூன்று மாதிரிகள் கொடுத்தோம். மூன்றிலும் சிஸ்ட் இல்லை. எடை முந்நூறு கிராம் கூடியிருக்கிறது. நேற்று இரண்டாவது தடுப்பூசியும் போட்டாயிற்று.

பல்கனியில் தாளுக்குப் பதிலாக இப்போது பிளாஸ்டிக் தட்டு ஒன்று வைத்திருக்கிறோம், கழுவினால் பத்து நிமிடத்தில் காய்கிறது. தட்டின் அளவு கேட்டுத் தனிமடல் அனுப்பியவருக்கு: நீளம் இரண்டடி, அகலம் ஒன்றரை அடி, ஓரம் இரண்டு அங்குலம். குட்டி வளர்ந்தால் பெரிதாக வாங்க வேண்டியிருக்கும். புறக்கோட்டையில் வாங்கினோம்.